இரட்டைப் பங்கின் தலைவன்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் மாலை நேரம் பலரும் அறிந்ததே. பட்டறைகளில் ஷிப்டு முடிந்து வெளிவரும் இளைஞர்கள் தேநீர்க் கடைகளின் முன் கூடி நிற்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன், ஐ.பி.எல். பருவத்தில், இரவு ஏழு மணிக்கு நாணயம் சுண்டப்பட்டு இரு அணியினரின் பெயர்களும் வெளியானவுடன் அக்கூட்டத்தில் ஒரு மௌனம் படரும். ஏழரைக்கு ஆட்டம் தொடங்கிவிடும். இடைப்பட்ட அரைமணி நேரத்திற்குள் ஒவ்வொருவரும் தம் கைப்பேசியைப் பார்த்தபடி ஒரு வினாவுக்கு விடை கண்டாக வேண்டும்: இன்று யாரைத் தலைவனாக்குவது?

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரும் அக்கூட்டத்தில் இருந்தார். ஆவடியிலிருந்து நாள்தோறும் மின்வண்டியில் வந்து, ஒரு பட்டறையில் லேத் இயந்திரம் ஓட்டுபவர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நம்மை அணுகி, “ஹஜ்ரத், சூது ஹராம் என்று நீங்கள்தாம் ஓதிக்கொடுத்தீர்கள். ஆனால் இது சூதன்று, அறிவு. ஆடுகளத்தைப் பார்க்கிறேன், ஆட்டக்காரரின் பழைய கணக்குகளைப் பார்க்கிறேன், அதன் பின்னரே தேர்ந்தெடுக்கிறேன். அறிவுக்குக் கிடைக்கும் கூலி எப்படி ஹராமாகும்?” என்று கேட்டார். “கூடாது, விட்டுவிடு” என்று கூறி அனுப்பிவிட்டோம். நாம் சொன்னது சரியே. ஆனால் அவர் கேட்டதற்கு அது விடையாகவில்லை. அக்கடனைத் தீர்க்கவே இதனை எழுதுகிறோம்.

ஆட்டத்தின் அமைப்பை முதலில் கூறுவோம். 2008-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டிரீம்11 போன்ற நிறுவனங்கள் இதனை நம் நாட்டில் பரப்பின. நடைபெறவிருக்கும் ஓர் ஆட்டத்தின் இரு அணிகளிலிருந்தும் பதினொருவரைக் கலந்து எடுத்துக் கற்பனை அணியொன்றை அமைக்க வேண்டும். மெய்யான களத்தில் அவர்கள் எடுக்கும் ஓட்டம், விக்கெட், பிடிக்கும் கேட்ச் ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. பதினொருவரில் ஒருவரைத் தலைவரென்றும் மற்றொருவரைத் துணைத்தலைவரென்றும் குறித்தால், முன்னவரின் மதிப்பெண் இரு மடங்காகும். பின்னவருடையது ஒன்றரை மடங்காகும். கட்டணம் செலுத்திச் சேர்ந்தவர்களின் பணத்தில் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ள, எஞ்சியது வென்றவர்களுக்குச் சென்றது.

இதில் அறிவுக்கு இடமுண்டு என்பதை மறுப்பது நேர்மையாகாது. சேப்பாக்கம் ஆடுகளம் சுழற்பந்துக்குப் பேர்போனது. இரவில் பனி இறங்கினால் நனைந்த பந்து வீச்சாளரின் கைக்கு அடங்காது. தொடக்க ஆட்டக்காரருக்கு ஆடக் கிடைக்கும் பந்துகள் மிகுதி. மட்டையிலும் பந்திலும் வல்லவர் இருவழியிலும் மதிப்பெண் ஈட்டுவார். இவற்றை அறிந்தவர் அறியாதவரைவிட நன்றாகவே தேர்வு செய்வார். நீதிமன்றங்களும் திறமையையே அளவுகோலாகக் கொண்டன. திறமை மேலோங்கிய போட்டி சூதாகாது என்று உச்ச நீதிமன்றம் 1957-இல் வகுத்தது. சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில் 1996-இல் குதிரைப் பந்தயமும் திறமையைச் சார்ந்ததே என்றது. 2017-இல் பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றம் இக்கற்பனை அணி ஆட்டத்தையும் அவ்வகையிலேயே சேர்த்தது.

எனினும் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நண்பர் இருவர் அதே பதினொருவரைத் தேர்ந்தனர், துணைத்தலைவரும் ஒருவரே, தலைவர் மட்டும் வேறு. ஒருவர் நம்பிய தலைவர் 100 மதிப்பெண் பெற்றார். மற்றவர் நம்பியவர் 20 பெற்றார். இவ்விரு ஆட்டக்காரர்களால் முன்னவருக்கு 220, பின்னவருக்கு 140. இவ்விரு நண்பர்களின் அறிவில் அத்தனை வேறுபாடு உண்டோ? பந்து மட்டையின் விளிம்பில் மயிரிழை தள்ளிப் பட்டிருந்தால் கணக்கு தலைகீழாகியிருக்கும். நூறு ஆட்டங்களில் வெளிப்படக்கூடிய திறமைக்கு ஓர் இரவு போதாது.

இதனினும் நுட்பமான மற்றொன்றுண்டு. பல்லாயிரவர் சேரும் பெரும்போட்டியில், யாவரும் தலைவராக்கும் சிறந்த ஆட்டக்காரரையே நாமும் தலைவராக்கினால், அவர் சதமடித்தாலும் யாவரும் ஒருசேர உயர்வரேயன்றி நமக்கென்று முதலிடம் வாராது. ஆதலின், “யார் சிறந்தவர்?” என்ற வினா மறைந்து, “பிறர் யாரைக் கைவிடுவர்?” என்ற வினா எழுகிறது. அப்போது நம் அறிவு பிறரின் பிழையை எதிர்நோக்கி நிற்கிறது.

அறியாமைக் கால அரபியரின் ‘மைசிர்’ என்னும் ஆட்டத்தை இங்கே நினைவுகூர வேண்டும். ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். மூன்று அம்புகளுக்குப் பங்கே இல்லை. ஏனைய ஏழில் ‘ஃபத்’ என்பதற்கு ஒரு பங்கு. படிப்படியாக உயர்ந்து ‘முஅல்லா’ என்பதற்கு ஏழு பங்கு. ஒட்டகத்தின் விலை தோற்றவர் தலையில் விழும். வென்றவர்களோ இறைச்சியை ஏழைகளுக்கு வழங்குவதைப் பெருமையாகக் கருதினர். நம் இளைஞர்கள் அரைமணி நேரம் தேடிய தலைவனும் ஒரு முஅல்லா அம்பே அன்றோ!

ஏழையின் பசியாற்றிய அந்த ஆட்டத்தையே திருமறை விலக்கியது. அதில் மக்களுக்குப் பயனுண்டு என்பதை அது மறைக்கவில்லை; பயனைவிடக் கேடு பெரிது என்று உணர்த்தியது; பகையும் வெறுப்பும் விளைவதை அக்கேடுகளுள் ஒன்றாகச் சுட்டியது. எனவே, திறமை உண்டா என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடாது. ஒருவரின் பேறு மற்றவரின் இழப்பாக மட்டுமே இருக்கிறதா என்பதே முதன்மையான வினா. குதிரையோட்டத்திலும் அம்பெய்தலிலும் பரிசுக்கு இடமளித்த மார்க்க அறிஞர்கள்கூட, ஆடுவோர் அனைவரும் பணம் வைத்து வென்றவர் அதனை அள்ளிச்செல்லும் முறையை ஏற்கவில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டமும், திறமையா தற்செயலா என்ற பாகுபாட்டை ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடுவதையே தடுத்தது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. டிரீம்11 பணப்போட்டிகளை நிறுத்தியது.

அதன்பின் அம்மாணவரைச் சந்தித்தோம். “போன பணத்தை உழைத்து ஈட்டிவிடலாம், ஹஜ்ரத். முன்பெல்லாம் யார் நன்றாக ஆடினாலும் கைதட்டுவேன். பிறகு, நான் தலைவராக்காதவர் சிக்ஸர் அடித்தால் வயிறெரிந்தது. சிறுவயது முதல் நேசித்த ஆட்டக்காரர் ஓட்டமேதுமின்றி வெளியேறிய ஓரிரவு, வாய்விட்டு ஏசினேன். மறுநாள் என்னை நினைத்து எனக்கே வெட்கமாயிற்று” என்றார்.

ஏசப்பட்டவர் அதனை அறியார்; தாம் தலைவராக்கப்பட்டதையும் அறியார். களத்தின் மெய்யான தலைவன் பிறரின் தவற்றுக்கும் பொறுப்பேற்பவன். கைப்பேசியின் தலைவனோ நம் ஆசையைச் சுமக்க நாம் பிடித்த கூலியாள். முன்பின் அறியாத ஒரு மனிதன்மீது வெறுப்பு மூளுமாயின், திருமறை சுட்டிய கேடு அதுவன்றி வேறென்ன?

பின்னர் அவர் கேட்டார்: “இப்பொழுது கட்டணமில்லை. நண்பர்கள் நால்வர் தாளில் தலைவனை எழுதிவைக்கிறோம். தோற்றவர் தேநீர் வாங்கித்தர வேண்டும். இது?”

இம்முறை நாம் அவசரப்படவில்லை. “தோற்றவர் தந்தாக வேண்டுமென்ற நிபந்தனை இருக்கும்வரை, தொகை சிறிதேயாயினும் அது பழைய அம்புதான். நிபந்தனையை நீக்கிவிடுங்கள். மனமுவந்து யார் வாங்கித் தந்தாலும் அது விருந்து” என்றோம். அவர் சிரித்து, “அப்படியானால் இன்று என் விருந்து, ஹஜ்ரத்” என்றார். இருவரும் தேநீர் அருந்தினோம்.

பிறர் இழப்பை எதிர்நோக்காத உள்ளத்தை வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் அருள்வானாக!