நன்றிக் கடனும் ஓட்டும்

வாக்குச்சாவடியில் பணி பார்த்த எந்த டீச்சருக்கும் இது தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மேலே கணக்குச் சொல்லவேண்டும்: ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் அந்தக் கணக்கைச் சொன்னதும் ஏஜெண்டு ஒருவர் முகம் மலர்ந்தார். “பொம்பளை ஓட்டு கூடியிருக்கு. மாசம் ஆயிரம் ரூவா வாங்குறவுக நன்றி மறப்பாகளா?”

நன்றி மறக்கக்கூடாது என்று வகுப்பில் வருடாவருடம் சொல்லிக்கொடுப்பவள் நான். ஆனாலும் கேள்வி உறுத்தியது. அரசு கொடுத்ததற்கு ஓட்டுப் போட்டுக் கடன் தீர்க்கவேண்டுமா?

ஆண்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை. அப்பா பிடித்த கொடியை மகன் பிடித்தால் கொள்கைப்பிடிப்பு. ரசிகர் மன்றத்திலிருந்து கட்சிக்குப் போனால் விசுவாசம். பெண்களுக்கான இலவசப் பயணத்தால் பஸ் செலவு மிச்சமானதை எண்ணிப் பார்த்து ஒருத்தி ஓட்டுப் போட்டால் மட்டும் ‘இலவசத்துக்கு மயங்கிட்டா’. யோசித்துப் போட்டவள் அவள்தானே ஐயா!

இந்த நாட்டின் முதல் பொதுத்தேர்தலில், 1951-52இல், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பெரும்பாலும் வடமாநிலப் பெண்கள். தம் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிந்திருந்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் விட்டுக்கொடுக்கவில்லை. கடுமையான முடிவுதான். ஆனால் ஓட்டு வீட்டுக்கு ஒன்றல்ல, ஆளுக்கு ஒன்று என்பதை அதைவிட அழுத்தமாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

எங்கள் வீட்டில் அது 1982க்குப் பிறகுதான் நடந்தது. எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். அம்மாவுக்குச் சமையல் வேலை கிடைத்தது. அதுவரை அப்பா சொன்ன உதயசூரியனுக்குப் போட்டவள், அப்புறம் சாகும்வரை இரட்டை இலைதான். ஒரே வீட்டில் இரண்டு சின்னமா என்று அப்பாவுக்குத் தீராத மனக்குறை. அம்மா எதிர்த்தெல்லாம் பேசமாட்டாள். ஓட்டுப் போட்டுவிட்டு வந்து உலை வைப்பாள்.

அப்பாவின் சொல்லிலிருந்து அவளை விடுவித்தது அந்த நன்றிதான். பிறகு தலைவரிடம் கட்டிப்போட்டதும் அதுவேதான். பின்னாளில் ஆட்சியில் எத்தனையோ குறை இருந்தும் வேறு பக்கம் திரும்பிப் பார்ப்பதையே பாவம் என்று நினைத்தாள்.

செய்ந்நன்றியறிதலை வள்ளுவர் வைத்தது இல்லறவியலில். மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள அறம் அது. பொருளை ஈட்டிக் காத்து வகுப்பதை இறைமாட்சியில் வைத்தார். அது ஆள்பவனின் வேலை. வாங்கிய குடிகள் அவனுக்குக் கடன்பட்டவர்கள் என்று அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. காது கசக்கும் சொல்லையும் பொறுத்துக்கொள்பவனே நல்ல வேந்தன் என்றுதான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி அவசரத்துக்குக் கொடுத்த பணத்தையும் வரிப்பணத்திலிருந்து வந்த ஆயிரத்தையும் ஒரே கணக்கில் எழுதச் சொல்பவர்கள் இந்த இரண்டு அதிகாரங்களையும் கலக்கிவிடுகிறார்கள்.

நன்றிக் கணக்குதான் பார்ப்போம் என்றால் கட்சிகளும் பார்க்கட்டும். பெண்கள் ஓட்டால் ஜெயித்தோம் என்று பேசாத பெரிய கட்சி தமிழ்நாட்டில் இல்லை. 2021இல் சட்டமன்றத்துக்குத் தேர்வான 234 பேரில் பெண்கள் 12 பேர்.