கீரைக் கணக்கு

அக்கா பையனுக்கு பதினாலு வயசு. லீவுக்கு வந்தவன் ராப்பகலாக செல்போனில் தலையைக் கவிழ்த்துக் கிடந்தான். 'அப்படி என்னடா இருக்கு அதுல?' என்று எட்டிப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் ஒரு பறவை. நெருப்புக்கோழி உடம்பு, கோழிக்குஞ்சு முகம். அதன் முதுகில் ஒருவன் ஜம்மென்று சவாரி போகிறான்.

'சோகோபோ, மாமா!'

ஃபைனல் ஃபேன்டசி என்ற ஜப்பானிய வீடியோ கேமின் செல்லப்பிள்ளை. 1988-ல் அறிமுகமான கற்பனைப் பறவை. இவன் ஆடிக்கொண்டிருந்தது 1997-ல் வந்த ஏழாம் பாகம்.

காட்டில் அதைப் பிடிக்கக் கீரை போட வேண்டும். ஏறிக்கொண்டு ஊர் சுற்றலாம். இறங்கினால், அது பாட்டுக்கு ஓடிவிடும். தங்க வைக்க வேண்டுமா? பண்ணையில் லாயம் வாங்க வேண்டும். அந்த ஊர்க் காசில் ஒன்று பத்தாயிரம். மொத்தம் ஆறுதான். நல்ல கீரையாக ஊட்டினால் வேகம் கூடும். ஜோடி சேர்த்தால் மலை ஏறும் பச்சை, ஆறு கடக்கும் நீலம் என்று குஞ்சுகள் பிறக்கும். கடைசியில் கடலையே தாண்டும் தங்கப் பறவை!

பையன் ஒரு மஞ்சள் பறவையை லாயத்திலிருந்து வெளியேற்றினான்.

'ஏண்டா? இத்தனை நாள் கீரை ஊட்டினியே?'

'ரேஸ் ஜெயிக்கத்தானே ஊட்டினேன்? இப்ப இடம் வேணும் மாமா.'

பொம்மைக்கு வலிக்காது. அவன் மேல் தப்பில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

விலங்குகளைக் கொடுமைப்படுத்துகிறவன் மனிதர்களிடமும் கல்லாகிவிடுவான் என்றார் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட். சரி, கொடுமையே செய்யாமல், வேளாவேளைக்கு ஊட்டி வளர்க்கிறவன்? அன்பு ஊட்டினாலும் லாபம் ஊட்டினாலும் கீரை ஒன்றுதான். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஊட்டுகிறவனுக்கேகூடத் தெரியாது. சுமக்க முடியாமல் போகும் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

எங்கள் வீட்டில் பதினோரு வருஷம் கார் ஓட்டினார் ஒருவர். தீபாவளிக்கு வேட்டி, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ், எங்களுக்குப் போடும் அதே டிகிரி காபி. 'டிரைவரை எப்படி வெச்சிருக்கேன் பார்' என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. ராத்திரியில் ஓட்டத் தடுமாறினார். இரண்டு மாசச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒரு சின்ன ஆபரேஷனில் சரியாகிற விஷயம். அதைச் செய்து வைக்கலாமே என்று தோன்றவே இல்லை. அதே மாசம் காரின் ஹெட்லைட் மங்கியதும் மாற்றியது மட்டும் ஞாபகமிருக்கிறது.

காட்டுப் பறவையிடம் கணக்கு நேர். ஒரு பிடி கீரை, ஒரு சவாரி, முடிந்தது. ஆனால், லாயத்தில் கட்டி 'இது என்னுடையது' என்று சொன்ன பிறகு, அது ஓட முடியாமல் போகிற நாளும் நம்முடையதுதானே?

அன்று ராத்திரி அவர் நம்பரைத் தேடிப் போட்டேன். இரண்டு வருஷம் கழித்துப் பேசுகிறேன். என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அவர் கேட்டது இதுதான்: 'வண்டி நல்லா ஓடுதுங்களா சார்?'