நோயாளியின் ஏடும் அமானிதமே

மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸி, தாம் கண்ட நோயாளிகளின் நிலையைக் குறித்து வைத்தார். அவர் மறைந்தபின் மாணவர்கள் அக்குறிப்புகளைத் தொகுத்ததே 'அல்ஹாவி' எனும் பெருநூல். இன்று நோயாளியின் ஏடு கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. இந்தியாவில் 2021 செப்டம்பர் 27-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், 14 இலக்க 'ஆபா' எண்ணின் வழியே, நோயாளி இசைந்தால் பல மருத்துவமனைகளின் குறிப்புகளை இணைக்கிறது.

இதன் நன்மை சிறிதன்று. பெனிசிலின் ஒவ்வாது என்பது ஏட்டில் இருந்தால், புதிய டாக்டரும் அந்த ஊசியைத் தவிர்ப்பார். ஆனால் நம் வீடுகளில் ஓர் அச்சம் உண்டு. மகளுக்கு வலிப்பு என்று எழுதிவிட்டால் நிக்காஹ் பேச்சு தடைப்படுமே என்று தாய் டாக்டரிடமே மறைக்கிறாள். மறைத்த நோய்க்கு மருந்து ஏது? எனினும் தாயை மட்டும் குறை சொல்வது நியாயமா? ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர் ஏட்டில் கண்டதைத் திண்ணையில் பேசுவதாலன்றோ அவள் அஞ்சுகிறாள்!

அமானிதத்தைப் பேணும் கடமை பொன்னுக்கும் பொருளுக்கும் மட்டுமன்று. பிறருடைய நோய்க்கும் உண்டு. சிகிச்சைக்குத் தேவையின்றி அந்த ஏட்டைத் திறப்பது துரோகம். கண்டதைப் பரப்புவது, உண்மையேயானாலும், புறம் பேசுவதே. சம்பந்தி வீட்டாரிடம் மறைக்கக் கூடாததைச் சொல்வது பெற்றோரின் பொறுப்பு. மற்றவர் முந்திக்கொள்ள உரிமையில்லை.

கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போடலாம். நாவுக்குத் தக்வாவே பூட்டு. நாம் வாய்காத்தால்தான் நோயாளி வாய்திறப்பார்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் அமானிதம் பேணுவோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.