ஒரே பெருமான், இரு திருமேனிகள்

ஓர் இணையச் செயலியைச் சொந்த சர்வரில் நடத்துவோர், அதே செயலியை அதே கணினியில் இன்னொரு முறையும் நிறுவி, பயனர் விவரங்களும் பதிவுகளும் சேரும் கிடங்காகிய தரவுத்தளத்தை மட்டும் இரண்டுக்கும் தனித்தனியே அமைப்பது உண்டு. நிரலால் இரண்டும் ஒன்றே ஆயினும், ஒன்றில் கணக்கு வைத்திருப்பவரை மற்றொன்று அறியாது. இரண்டை ஒன்றென்று சொல்ல நிரலின் ஒருமை போதுமா, சேர்ந்துள்ள நினைவின் ஒருமையும் வேண்டுமா என்னும் வினா கணினிக்கு முன்பே வைணவத்தில் எழுந்தது. அவ்வரலாற்றின் ஒரு முனை மதுரைக்கு வடகிழக்கே யானைமலையை ஒட்டியுள்ள கொடிக்குளத்தில் இருக்கிறது.

இறைவன் பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என ஐந்து நிலைகளில் இருக்கிறான் என்பது வைணவக் கொள்கை. இவற்றுள் அர்ச்சை என்பது, அடியார் விரும்பிய உருவத்தையே தன் திருமேனியாக ஏற்று அவன் கோயிலில் எழுந்தருளும் நிலை. ஒவ்வோர் அர்ச்சையிலும் அவன் முழுமையாகவே இருக்கிறான், பங்கிடப்படுவதில்லை. இக்கொள்கையை விளக்கியவர்களுள் தலையாயவரான பிள்ளை லோகாச்சாரியார், 1323-இல் டெல்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது உற்சவத் திருமேனியை எடுத்துக்கொண்டு தெற்கே வந்து, ஜ்யோதிஷ்குடி என்று நூல்கள் குறிக்கும் இக்கொடிக்குளத்தில் உயிர் நீத்தார் என்பது மரபு.

பல ஊர்கள் அலைந்த அத்திருமேனி 1371-இல் திருவரங்கம் திரும்பியபோது அங்கே வேறோர் உற்சவர் பூசை பெற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அர்ச்சையும் முழுமையென்றால் எது பழையது என்ற கேள்விக்கே இடமில்லை. ஆயினும் ஊர் அக்கேள்வியைக் கேட்டது. கண்பார்வை இழந்த முதிய வண்ணார் ஒருவர், இருவருக்கும் சாத்திய ஆடைகளின் ஈரத்தை நுகர்ந்து, பழகிய மணத்தைக் கொண்டு ‘இவரே நம்பெருமாள்’ என்று உரைத்தார் என்று கோயில் மரபு கூறுகிறது. தத்துவம் படித்தவர்களால் தீர்க்க இயலாத வழக்கைச் சலவைத் தொழிலாளியிடம் ஒப்படைத்த அம்மரபின் துணிவு வியக்கத்தக்கது. அங்கே சான்றாக நின்றது இறையிருப்பன்று, ஆண்டுக்கணக்கான பூசையில் ஆடை ஏற்ற மணம். கொள்கை விடை சொல்லாத இடத்தில் நினைவு சொன்னது.

எனினும் கொள்கை தோற்றுவிட்டதாகச் சொல்ல இயலாது. அது தோற்றிருந்தால் இரண்டாம் திருமேனி போலியென்று விலக்கப்பட்டிருக்கும். விலக்கப்படாமல், திருவரங்க மாளிகையார் என்ற பெயருடன் நம்பெருமாளுக்கு அருகிலேயே இடம்பெற்ற அத்திருமேனி, வேள்விக்குரிய யாகபேரராகத் தனிப்பணி ஏற்று, திருவிழாக் காலங்களில் யாகசாலைக்கு எழுந்தருளுகிறது.