சாட்சிக் கையெழுத்து

துக்கத்தை ஓர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியே சகித்துவிடக்கூடிய மனிதன், சந்தோஷம் வந்தால் மட்டும் இன்னொருவருடைய கண்ணைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறான். மணலில் வீடு கட்டி முடித்த குழந்தை, அந்த வீட்டை நின்று ரசிப்பதற்கு முன்னால் திரும்பித் தாயின் முகத்தைத்தான் பார்க்கிறது. அவள் பார்த்தாள் என்று தெரிந்த பிறகே வீடு அதற்கு வீடாகிறது. வாழ்க்கையின் சந்தோஷங்களில் பெரிதாகிய விவாகத்துக்கு, உலகத்தார் அநேகமாக எல்லோருமே ஏதோ ஒரு சாட்சியை ஏற்படுத்திக்கொண்டிருப்பதன் காரணமும் இதுவாகவே இருக்கவேண்டும். நம்மவர் அக்கினியைச் சாட்சியாக மூட்டி, அதுவும் போதாதென்று வானத்து அருந்ததியைக் காட்டி, அதுவும் போதாதென்று ஊரையே பந்தலுக்குள் கூட்டி உட்கார்த்தி வைத்தார்கள். ஆனால் சாட்சி என்பவன் உண்மையில் செய்கிற காரியம் என்ன, அவன் கடமை எந்தக் கணத்தில் தொடங்கி எந்தக் கணத்தில் முடிகிறது என்ற கேள்வி, அறுபது வயதைக் கடந்து, அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு கல்யாணத்துக்குச் சாட்சியாக நிற்கும்படி அழைக்கப்பட்ட வரைக்கும் என் மனத்தில் எழுந்ததில்லை.

அழைத்தவன், என்னோடு அமெரிக்காவில் பல வருஷங்கள் வேலை பார்த்துக் காலமாகிவிட்ட நண்பருடைய மகன். அவன் மணக்க இருந்த பெண்ணுக்குப் பெற்றோர் இல்லை; உறவினர் மூன்று தேசங்களில் சிதறிக் கிடந்தார்கள். எல்லோரையும் ஓரிடத்தில் சேர்ப்பது ஆகாத காரியம் என்று கண்ட இருவரும், நானும் என் மனைவியும் மட்டும் உடனிருக்க, அயர்லாந்திலே போய் மணம் செய்துகொள்வதென்றும், கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் காரில் கரையோரமாகவே பிரயாணம் செய்து படம் எடுப்பதென்றும் தீர்மானித்தார்கள். பையனுக்குப் புகைப்படக் கலையில் அளவு கடந்த சிரத்தை. ‘டெஸ்டினேஷன் வெட்டிங்’ என்று இப்போது நம் ஊரிலும் வழங்குகிற இந்த ஏற்பாட்டைக் கேட்டபோது, பதிலெழுத எனக்கு நாலைந்து நாள் ஆயிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை. ஊரும் உறவும் இல்லாத இடத்தில், அழகான மலையையும் கடலையும் பின்னால் நிறுத்திக்கொண்டு செய்கிற கல்யாணம், படத்துக்காகச் செய்கிற கல்யாணமாக முடிந்துவிடுமோ என்ற ஐயம் என்னை விட்டு அகலவில்லை.

அந்த ஐயத்தில் பாதி, நாங்கள் முதலில் இறங்கிய கோவ் துறைமுகத்திலேயே கரைந்தது. கார்க் நகரத்துக்குத் தெற்கே உள்ள அந்தச் சிறிய துறைமுகத்திலிருந்துதான், 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் தொடங்கிய காலத்திலும் அதற்குப் பின் நூறு வருஷங்களிலுமாக, 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறிப் போனார்கள். பிணத்தின் அருகே உறவினர் இரவு முழுவதும் விழித்திருக்கும் வழக்கத்தை அந்நாட்டார் ‘வேக்’ என்பார்கள். பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் புறப்படும் முந்திய இரவிலும் அவ்வாறே விழித்திருந்து, பாடியும் ஆடியும் அழுதும் வழியனுப்பி, அதற்கு ‘அமெரிக்கன் வேக்’ என்றே பெயரிட்டார்கள். போகிறவர் திரும்பப் போவதில்லை என்பது இரு தரப்பாருக்கும் தெரிந்திருந்தது. அவ்வாறு போனவர்களில் ஒருத்தி இந்தப் பையனுடைய கொள்ளுப்பாட்டி. துறைமுகக் கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அவன் வெகுநேரம் பேசாமல் நின்றதைப் பார்த்தபோது, அவன் வேற்றூரைத் தேடி வரவில்லை, ஒருத்தி திரும்ப முடியாமல் விட்டுப்போன ஊருக்கு அவள் சார்பில் திரும்பியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றிற்று.

அதே துறைமுகத்தில் இறங்கிய இன்னொருவருடைய கதையை அன்று மாலை அவனே எனக்குச் சொன்னான். பின்னாளில் இயேசு சபைக் குருவான பிரான்சிஸ் பிரவுன், இளைஞராய் இருந்தபோது, 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பலின் முதல் யாத்திரையில் சௌதாம்ப்டனிலிருந்து, அப்போது குயின்ஸ்டவுன் என்று பெயர் பெற்றிருந்த இந்தக் கோவ் வரைக்கும் வந்தார். வழியெல்லாம் கப்பலையும் பிரயாணிகளையும் படமெடுத்துக்கொண்டே வந்த அவரிடம், நியூயார்க் வரைக்கும் தங்கள் செலவிலேயே வரும்படி கப்பலில் பழகிய தனவந்தத் தம்பதியர் சொல்ல, அவர் தம் சபை மேலதிகாரியிடம் தந்தி மூலம் அனுமதி கேட்டார், கப்பலை விட்டு இறங்கும்படி கண்டிப்பாக உத்தரவு வந்தது, இறங்கினார். நாலு நாளில் கப்பல் மூழ்கியது. பிரவுன் 1960இல் காலமான பின், அவர் வாழ்நாள் முழுவதும் எடுத்த சுமார் 42,000 நெகட்டிவ்கள் ஒரு பெட்டிக்குள் கால் நூற்றாண்டுக் காலம் பார்ப்பாரின்றிக் கிடந்து, 1985 வாக்கில்தான் கண்டெடுக்கப்பட்டன.

“படம் அழியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், பார்க்க ஆள் இல்லாவிட்டால் அது பெட்டிக்குள் இருக்கும் இருட்டுத்தானே?” என்று கதையை முடிக்கும்போது அவன் கேட்டான். காமிராவின் மேல் உயிரையே வைத்திருந்தவன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததனால், அது என் மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது.

அங்கிருந்து கின்சேல் சென்று, ‘வைல்ட் அட்லாண்டிக் வே’ என்று 2014 முதல் பெயரிட்டு அழைக்கப்படும் கரைச்சாலையைப் பிடித்தோம். வடக்கே டோனிகால் வரை 2,500 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையில் தென்பாதியை மட்டும், ஆடுகள் சாலையை விட்டு விலகும் வரையில் காத்திருந்தும், எதிரே டிராக்டர் வந்தால் வேலியோரம் ஒதுங்கியும், அவசரமில்லாமல் கடந்து கிளேர் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தோம்.

கிளேர், கல்யாணத்துக்குப் பேர்போன மாவட்டம். அங்கேயுள்ள லிஸ்டூன்வார்னா என்னும் சிற்றூரில், அறுவடை முடிந்த குடியானவர்கள் பெண் தேடி வருவதற்கென்றே ஏற்பட்ட செப்டம்பர் விழா இன்றும் நடக்கிறது. நம் கல்யாணத் தரகரைப் போன்ற ‘மாட்ச்மேக்கர்’ ஒருவர் நடுவில் நின்று, நிலத்தையும் மாட்டையும் சீதனத்தையும் பேசி முடித்துச் செய்த கல்யாணங்களே அந்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் வழக்கமாயிருந்தன. நாங்கள் தங்கிய வீட்டு அம்மாள், தம் பாட்டி காலத்துக் கல்யாணங்களில் ‘ஸ்ட்ரா பாய்ஸ்’ வந்ததைச் சொன்னார். வைக்கோலால் கூம்புபோல் முகமூடி முடைந்து அணிந்த வாலிபர்கள், அழைப்பில்லாமலே கல்யாண வீட்டுக்குள் புகுந்து, இன்னார் என்று காட்டிக்கொள்ளாமல் மணப்பெண்ணோடு ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போவார்களாம். அவர்கள் வந்தால் தம்பதியருக்கு அதிர்ஷ்டம் என்பது நம்பிக்கை. அழைத்தவர் மட்டுமே கூடியிருக்கிற கல்யாணத்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறது என்பதை அந்த ஜனங்கள் எவ்வாறோ அறிந்திருக்கிறார்கள் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்திய இரவு அந்த அம்மாள் ஒரு சிறிய குழந்தை யேசு பிரதிமையை எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்து வேலியின் அடியில் வைத்தார். மறுநாள் வானம் தெளிவாக இருக்கவேண்டும் என்பதற்காக அங்கே செய்கிற வழக்கம் அது. விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தால் நல்ல மழை. அம்மாள் குடையோடு போய்ப் பிரதிமையை எடுத்து, துணியால் ஈரத்தை ஒற்றி, யாதொரு குறையும் சொல்லாமல் உள்ளே கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தார்.

அயர்லாந்துச் சட்டப்படி, மணம் செய்துகொள்ள விரும்புகிறவர்கள் மூன்று மாதத்துக்கு முன்பே பதிவாளருக்குத் தெரிவிக்கவேண்டும். சடங்கின்போது பதினெட்டு வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் நேரில் நிற்கவேண்டும். நாங்கள் ஏற்பாடு செய்திருந்த சிறிய கூடத்தில் மழைச்சாரல் உள்ளே அடித்ததனால், நான் எழுந்து கதவைச் சாத்தப் போனேன். பதிவாளர் அம்மாள் புன்சிரிப்போடு தடுத்து, “அது திறந்தே இருக்கட்டும், கல்யாணம் நடக்கிற இடத்துக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது சட்டம்” என்றார். தேசத்தின் சட்டப் புஸ்தகத்தில் எத்தனையோ விதிகள் இருக்கலாம். அன்று கேட்ட அந்த ஒரு விதி எனக்கு வேதவாக்கியம்போல் ஒலித்தது.

காமிரா முக்காலியின் மேல் நின்று, சில விநாடிகளுக்கு ஒரு முறை தானாகவே படமெடுத்துக்கொண்டிருந்தது. இருவரும் கைகோத்து, ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, மழைக்கு ஒதுங்கிய ஒரு கிழவர், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கதவு நிலையோரமாக வந்து நின்றார். குடியானவர் என்பது அவர் காலணியிலிருந்த சேற்றிலிருந்து தெரிந்தது. சடங்கு முடியும் வரையில் அசையாமல் நின்று கேட்டார். பிறகு, நானும் என் மனைவியும் பதிவுத் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது, மெல்ல வந்து தம்பதியரின் கைகளைப் பற்றிக் குலுக்கி, “எங்கள் கல்யாணமும் இப்படியொரு மழையில்தான் நடந்தது, நாற்பத்தாறு வருஷம் இருந்தது” என்று சொல்லிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டார். ‘இருந்தது’ என்ற சொல்லை அவர் சொன்ன தினுசில் அவர் மனைவி இப்போது இல்லை என்பது எங்கள் நால்வருக்கும் விளங்கிற்று. அந்தப் பெண்ணின் கண்கள் அன்று நிறைந்தது அந்த ஒரு கணத்தில்தான். காமிராவோ தம்பதியரை நோக்கி நிறுத்தப்பட்டிருந்தது. கதவு அதற்குப் பின்னால் இருந்தது. கிழவர் ஒரு படத்திலும் விழவில்லை.

மறுநாள் மோஹர் செங்குத்துப் பாறைகளுக்குப் போனோம். பதினாலு கிலோமீட்டர் தூரம் அட்லாண்டிக் கடலை எதிர்த்து நிற்கிற அந்தப் பாறைச்சுவர், உச்சியில் 214 மீட்டர் உயரம். அயர்லாந்தில் அதிகமாகப் படமெடுக்கப்படுகிற இடங்களில் ஒன்றான அதை நாங்கள் பார்க்கவே இல்லை. மேகம் தரையில் இறங்கி, பத்தடிக்கு அப்பால் எல்லாம் ஒரே வெண்மையாக இருந்தது. கீழேயிருந்து கடல் முழக்கமும், பாறை இடுக்குகளில் கூடு கட்டிய ஆயிரக்கணக்கான கடற்பறவைகளின் கூச்சலும் மட்டும் வந்துகொண்டிருந்தன. வெளிச்சம் வரும் என்று இருவரும் ஒரே மழைக்கோட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்து நின்றார்கள். வெளிச்சம் வரவில்லை. ஆனால், காமிராவைக் குறித்து நான் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த அபிப்பிராயம் அந்த ஒரு மணி நேரத்தில் மாறிவிட்டது. காட்சிக்கு முன்னால் நின்றுவிட்டுப் போய்விடுகிற எங்களைப் போன்றோருக்கு இல்லாத பொறுமையை அந்தக் கருவி அவனுக்குக் கற்பித்திருந்தது. காத்திருப்பது வீணாகலாம் என்று தெரிந்தே காத்திருக்கிற மனத்தை அவளும் அவனோடு பகிர்ந்துகொண்டாள். இல்லறத்தில் வரப்போகிற எத்தனையோ மூடுபனிகளுக்கு இதைவிட நல்ல அப்பியாசம் எது?

அதற்கு மறுநாள் வெயில் வந்தது. பர்ரன் சுண்ணாம்புப் பாறைவெளியில், பாறைப் பிளவுக்குள் மலரும் ஜென்ஷியன் என்னும் ஆழ்ந்த நீலப்பூவையும், ஐயாயிரம் வருஷத்துக்கு முன் இறந்தோரை வைத்து மூடிய பூல்னாப்ரோன் கல்திட்டையையும் அவன் ஆசைதீரப் படமெடுத்தான். கால்வே நகரில், இரு கைகள் ஓர் இருதயத்தைத் தாங்க, அதன்மேல் கிரீடம் அமைந்த கிளாடா மோதிரங்களை வாங்கிக்கொண்டார்கள். கடைசியாகக் கானமாராவில் கைல்மோர் மாளிகையின் எதிரே ஏரிக்கரையில் வந்து நின்றோம். மிட்செல் ஹென்றி என்ற செல்வர், புதுமணத் தம்பதியராய் அந்தப் பக்கம் வந்தபோது தம் மனைவி மார்கரெட் அந்த இடத்தின்மேல் ஆசைப்பட்டாள் என்பதற்காக அதைக் கட்டினார் என்று சொல்லுவார்கள். 1867இல் தொடங்கிய வேலை 1871இல் முடிந்தது. 1874இல், எகிப்து யாத்திரையில், மார்கரெட் நோய்கண்டு இறந்துபோனாள். அவள் உடலைக் கொண்டுவந்து அங்கேயே அடக்கம் செய்து, ஏரிக்கரையில் அவள் ஞாபகார்த்தமாக ஒரு சிறு தேவாலயத்தை எழுப்பினார் கணவர். மாளிகையைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். அதைக் கட்டும்போது அவரிடம் ஆசை இருந்தது, பணமும் இருந்தது. தேவாலயத்தைக் கட்டும்போது, அவள் ஒரு காலத்தில் இருந்தாள் என்று சொல்லவேண்டிய கடமை ஒன்றே அவருக்கு மிஞ்சியிருந்தது. கணவன் மனைவியரில் ஒருவர் போனபின் மற்றவர் ஏற்கிற வேலை சாட்சியின் வேலைதான் என்பதை, தொப்பியைக் கையில் பிடித்திருந்த கிழவரும் இந்தச் சீமானும் ஒரே பாஷையில் எனக்குச் சொன்னார்கள்.

இரண்டு மாதத்துக்குப் பின் அவர்களிடமிருந்து ஆல்பம் வந்தது. படங்கள் அபாரமாக இருந்தன. நீலப்பூவின் இதழில் நின்ற நீர்த்துளிகூடத் தெரிந்தது. ஆயினும் என் மனைவி அதைப் புரட்டி முடித்துவிட்டு, “அந்தப் பெரியவர் இல்லையே” என்றாள். சாட்சி என்பவன் பார்த்ததை வைத்திருக்கிறவன் மாத்திரம் அல்லன், பார்த்ததைப் பற்றிப் பின்னால் கேட்கிறவனும் அவனே என்பது அந்தச் சொல்லில் எனக்கு விளங்கிற்று. காமிரா எல்லாவற்றையும் வைத்திருக்கும்; சுகமாக இருக்கிறீர்களா என்று ஒரு நாளும் கேட்காது. பந்தலில் கூட்டி உட்கார்த்திவைத்த ஊருக்கு இருந்த அதிகாரமும் பொறுப்பும் இதுதான். ஆயிரம் பேர் கூடியும் பிற்பாடு ஒருவரும் கேட்கவில்லையென்றால் அது சாட்சியில்லாத கல்யாணம். நாலு பேரில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டேயிருப்பார்களானால், அது ஊர் கூடி நடத்திய கல்யாணம்.

ஆகவே ஒவ்வொரு வருஷமும் மே மாதக் கடைசியில் நான் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். நலம் விசாரித்த பின், அந்தக் கிழவரைப் பற்றி ஒரு வரியாவது சேர்ப்பேன். அவர் தொப்பி சாம்பல் நிறம் என்று அவனும், பழுப்பு நிறம் என்று அவளும் எழுதுகிறார்கள். பதிவுத் தாளில் கையெழுத்துப் போட்ட எங்கள் இருவருக்குள்ளும் அதில் அபிப்பிராய பேதம் உண்டு. அவர் சொன்ன வார்த்தையையும் பற்றிய கையின் ஈரத்தையும் பற்றி மட்டும் நால்வருக்கும் சந்தேகமே கிடையாது. இந்த வருஷம் வந்த பதிலில், குழந்தை பிறந்த செய்திக்குக் கீழே, “மழை பெய்துகொண்டிருக்கிறது, வாசல் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்” என்று அவள் கையால் எழுதியிருந்தது.