ஐந்தாம் கற்பனையும் கணினிப் பெட்டியும்



கொலையை விலக்குகிற ஐந்தாம் கற்பனை, பிறர் உயிரை மாத்திரமல்ல, நம்முடைய சொந்த உயிரையும் தேக சுகத்தையும் பேணவேண்டுமென்று கட்டளையிடுகிறது. குடிகாரனைக் குறித்துப் பேசும்போது இது எல்லோருக்கும் விளங்குகிறது. இரவு இரண்டு மணிவரை கணினிக்கு முன் உட்கார்ந்திருக்கும் மகனைக் குறித்துச் சொன்னாலோ, "சாமி, அவன் உழைக்கிறானே!" என்கிறீர்கள். உழைக்கிறான், மெய்தான். அவன் தேகம் படும் பாட்டையும் பாருங்கள்.

திரையை உற்று நோக்குகிறவன் கண் இமைப்பதை மறக்கிறான். சாதாரணமாக நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கும் கண், அப்போது அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் இமைக்கிறது. கண் வறண்டு எரிச்சலும் மங்கலும் தலைவலியும் வருகின்றன. இதனால் குருடாகிவிடுவான் என்று பயப்பட வேண்டாம். நீல ஒளியைத் தடுக்கும் மூக்குக்கண்ணாடி விற்பவன் பேச்சைக் கேட்டுப் பணத்தை வீணாக்கவும் வேண்டாம். 20 நிமிஷத்துக்கொரு முறை 20 அடி தூரத்திலுள்ள ஏதாவதொன்றை 20 விநாடி பார்க்கட்டும். காசு செலவில்லாத மருந்து.

ஓயாமல் உட்கார்ந்திருப்பது அதைவிடப் பெரிய கேடு. இத்தாலி தேசத்து வைத்தியர் பெர்நார்தீனோ ரமாத்சீனி, தொழிலாளருக்கு வரும் வியாதிகளைப் பற்றித் தாம் எழுதிய நூலை 1713-ல் விரித்து வெளியிட்டார். நாள் முழுதும் எழுதும் எழுத்தருக்கு, எழுந்திராத இருப்பும், கை ஒரே விதமாய் அசைவதும், மனத்தின் இடைவிடாத கவனமும் நோய் தருவதை அதில் குறித்திருக்கிறார். இறகுப் பேனா போய்க் கணினி வந்தது. முதுகும் மணிக்கட்டும் மாறவில்லை.

எந்த வேலையானாலும் மணிக்கணக்கு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. வாரத்துக்கு 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவரைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம் என்று 2021-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் அறிவித்தன. இருதய நோயால் மரிக்கும் அபாயமும் 17 சதவீதம் அதிகம்.

பெற்றோரே, வீட்டுக் கடன், தங்கையின் கலியாணம், மாடி கட்டும் செலவு, எல்லாவற்றையும் ஒருவன் சம்பளத்தின்மேல் ஏற்றிவிட்டு, "ஏனப்பா தூங்கவில்லை?" என்று கேட்பது என்ன நியாயம்? அடுத்த கடனுக்குக் கையெழுத்துப் போடுமுன் அவன் எத்தனை மணி நேரம் உழைக்கிறான் என்று விசாரியுங்கள். எலியாஸ் தீர்க்கதரிசி களைத்து மரத்தடியில் கிடந்தபோது சம்மனசானவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் காட்டினார், புசித்தபின் மறுபடியும் தூங்கவிட்டார். தாய்மார்களே, சோற்றுத் தட்டைத் திரைக்கு முன்னால் கொண்டுபோய் வைக்காதீர்கள். எழுந்து வந்து எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள்.

ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களும் நம் பங்கில் இருக்கிறீர்கள். மனிதனுடைய பலத்துக்கு மிஞ்சி வேலைநேரத்தை நீட்டலாகாது என்று 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-லேயே தமது நிருபத்தில் போதித்தார். இரவு பத்து மணிக்கு வேலையை அனுப்பி விடியுமுன் பதில் கேட்கிறவர்கள், அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது ஐந்தாம் கற்பனையண்டை சற்று அதிக நேரம் நிற்பார்களாக.