பனிக்காலத்து விஷாதமும் பாவை நோன்பும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அத்யயன உத்ஸவ நாட்களில் ஸ்ரீநிவாஸப் பெருமாளை ஸேவிக்க, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலையிலிருந்து இறங்கி வரும் அன்பர்கள் பலர். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று தோட்டந்தோறுமிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து சேர்கிறார்கள். அவர்களைக் கண்டு மகிழும் அதே கணத்தில் அடியேனுடைய கண் வராதவர்களைத் தேடுகிறது. “சென்ற ஆண்டு உம்மோடு வந்தாரே, எங்கே?” என்று கேட்டால், ஆண்டுதோறும் ஒரே விதமான விடைதான். “மனசு சரியில்லீங்க சாமி. பனி தொடங்கிட்டா அப்படித்தான். கம்பளியைப் போர்த்திப் படுத்தா எழுந்திரிக்கிறதே இல்லை.” இம்மலருக்கு ஓர் உபந்யாஸம் எழுதித் தருமாறு விழாக் குழுவினர் பணித்தபோது, அந்த வராதவர்களைப் பற்றியே விண்ணப்பம் செய்துகொள்ள வேண்டுமென்று தோன்றிற்று.

மார்கழியைப் பீடை மாதம் என்று சொல்லி, கல்யாணம் முதலிய சுபகாரியங்களை ஒதுக்குவது உலக வழக்கு. பீடுடைய மாதம் என்பதே மருவிப் பீடை என்றாயிற்று என்று ஸமாதானம் கூறும் பெரியோரும் உளர். சொல்லாராய்ச்சி எப்படியாயினும், மாதங்களுள் தான் மார்கழி என்று கீதாசார்யனே தன் திருவாயால் அருளிச்செய்தபின் அதற்கு வேறு சிறப்பு வேண்டுவதில்லை. ஆனால் ஒன்று. மாதம் சிறந்தது என்பதனால் அம்மாதத்தில் மனிதன் படும் வாட்டம் பொய்யாகிவிடாது. வாடை வீசும் காலத்தில் பிரிந்தோர் நெஞ்சம் படும் பாட்டைப் பழந்தமிழ்ப் புலவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அதை நாம்தான் சோம்பல் என்று பெயரிட்டுத் தள்ளிவிடுகிறோம்.

நம் மலைச்சரிவின் நிலையைச் சற்றே நோக்குங்கள். ஏலச்செடி கடும் வெயிலைப் பொறாதது. பெருமரங்களின் நிழலில்தான் தழைக்கும். காய்ப்பதோ உச்சியில் அன்று. அடித்தூரிலிருந்து புறப்பட்டு மண்ணையொட்டிப் படரும் சரங்களில் காய்ப்பது. ஆகவே காய் பறிக்கும் பெண்கள் பகல் முழுவதும் குனிந்த தலை நிமிராமல் நிழலுக்குள்ளேயே உழைக்கிறார்கள். விடியுமுன் போடியில் ஜீப் ஏறி அந்தி சாய வீடு திரும்புகிறவர்கள் முகத்தில் வெயில் படும் நாழிகை எத்தனை? ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அது ஓய்ந்ததும் பனி. மேகம் சரிவில் இறங்கி நின்றுவிட்டால் நண்பகலிலும் எதிர் லயத்து வாசல் தெரியாது. மழையால் வேலை நின்ற நாளில் கூலியும் இல்லை. கீழே நகரத்திலோ மேற்கே மலைத்தொடர் மதில்போல் நிற்பதால், அஸ்தமன காலத்துக்கு முன்பே ஆதித்யன் மறைந்துபோகிறான். உறவினர் ஓரிடம், தாம் ஓரிடம் என்று வாழ்பவர்களுக்கு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாலைப் பொழுதுதான் மிகவும் கொடியது.

பனிக்காலத்தில் மட்டும் வந்து வேனிலில் விலகும் மனத்தளர்ச்சியை மருத்துவ உலகம் ஒரு தனி நோயாக விவரித்தது 1984-ஆம் ஆண்டில்தான். அமெரிக்காவின் தேசிய மனநல ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் நார்மன் ரோஸந்தாலும் அவருடைய சகாக்களும் அதை எழுதி வெளியிட்டார்கள். ரோஸந்தால் தென் ஆப்பிரிக்காவின் வெயிலில் வளர்ந்தவர். நியூயார்க்கில் குடியேறியபின் பனிக்காலத்தில் தம்முடைய சுறுசுறுப்பே குன்றுவதைக் கண்டு சிந்திக்கத் தொடங்கியவர். அளவுக்கு மீறிய உறக்கம், இனிப்பின் மீது வேட்கை, எதிலும் நாட்டமின்மை, மனிதரைக் கண்டால் ஒதுங்குதல் ஆகியவை அந்நோயின் குறிகள். காலையில் அரைமணி நேரம், 10,000 லக்ஸ் அளவுள்ள ஒளியின் முன் அமர்த்துவது அதற்கு ஒரு சிகிச்சை.

அந்நோய் நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று அடியேன் சொல்லத் துணியவில்லை. போடி ஏறக்குறைய 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் உள்ளது. மார்கழியின் மிகக் குறுகிய பகலும் இங்கே சுமார் 11 மணி 30 நிமிடம் இருக்கும். ஆனி மாதத்து நீண்ட பகலைவிட ஒரு மணிக்குச் சற்று மிகுதியாகவே குறைவு. லண்டன் மாநகரில் அதே நாளில் பகல் 8 மணி நேரம்கூட இராது. ஆகையால் நம்மவர் சோர்வுக்குப் பகலின் குறுக்கத்தை மட்டும் காரணமாக்க முடியாது. மூடுபனி, அடைந்து கிடத்தல், கூலிக் குறைவு, தனிமை, குளிருக்கென்று தொடங்கி வழக்கமாகிவிடும் மது என்று பலவும் சேர்ந்து மனிதனை அமிழ்த்துகின்றன. காரணம் எதுவாயினும் அமிழ்ந்தவன் படும் துன்பம் ஒன்றே.

நம் பெரியோர் நூல்கள் இத்துன்பத்தை இகழவில்லை. கீதையின் முதல் அத்தியாயத்துக்கே அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். அங்கே பார்த்தன் தன் நிலையைச் சொல்லும் முறையைக் கவனியுங்கள். அங்கங்கள் தளர்கின்றன, வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, காண்டீவம் கை நழுவுகிறது, தோல் எரிகிறது, நிற்க முடியவில்லை என்றெல்லாம் உடலின் பாட்டைச் சொல்லி முடித்த பிறகுதான் மனம் சுழல்வதைச் சொல்லுகிறான். மனத்தின் நோய் உடலில் தோன்றும் என்பதை வியாஸ பகவான் எவ்வளவு நுட்பமாகக் காட்டியிருக்கிறார்!

அதனினும் நமக்கு அணித்தானது ஸ்ரீராமபிரானுடைய சரிதம். வாலி வதத்துக்குப் பின், பிராட்டியைப் பிரிந்த பெருமாள் ப்ரஸ்ரவண மலையின் குகையொன்றில் மழைக்காலம் முழுவதும் தங்கியிருந்தார். மலை, மேகம், ஓயாத மழை, வேலையின்றிக் காத்திருக்கும் நாட்கள். நம் தோட்டத்து லயங்களில் இருப்போர்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ? அந்த நான்கு மாதங்களும் நூறாண்டுகள்போல் கழிந்தனவென்று வால்மீகி பகவான் ஸாதிக்கிறார். ஸாக்ஷாத் எம்பெருமானே மானிட உரு எடுத்தபோது இருண்ட பருவத்தில் வாடினான். அவனுக்கு பக்தி குறைவென்று யார் சொல்லுவார்? இளையபெருமாள் என்ன செய்தார்? துயரம் முயற்சியைக் கெடுக்கும், பொறுத்திருக்க வேண்டும் என்று இதம் சொன்னார், மெய்தான். ஆனால் சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. அந்தக் குகையில் கூடவே இருந்தார்.

இங்கே அடியேன் செய்த அபசாரம் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், போடிமெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்கு பஜனைக்காகச் சென்றிருந்தேன். ஆண்டுதோறும் மார்கழியில் முதல் ஆளாகக் கோலமிட்டு விளக்கேற்றும் ஓர் அம்மையார், அவ்வாண்டு வெளியே வரவில்லை. குளிப்பதில்லை, உண்பதில்லை, கேட்டால் பேசுவதுமில்லை என்று அக்கம்பக்கத்தார் என்னை அழைத்துப்போனார்கள். வாசலில் நின்றபடியே, “பகவானிடத்தில் நம்பிக்கை இருந்தால் இப்படி வருமா அம்மா? நாமத்தைச் சொல்லுங்கள், எல்லாம் சரியாகும்” என்று கூறிவிட்டு, ஜீப்புக்கு நேரமாயிற்றென்று வந்துவிட்டேன். கூறியபோது அது நல்லுபதேசம் என்றே நினைத்தேன்.

ஈராண்டு கழித்து, வைகுண்ட ஏகாதசி வரிசையில் அவ்வம்மையாரைக் கண்டேன். அவருடைய தங்கை வந்து மருத்துவரிடம் அழைத்துச் சென்று, பல மாதம் மருந்துண்டு தேறினாராம். “சாமி, அன்னைக்கு நீங்க போனப்புறம் பெருமாளும் என்னைக் கைவிட்டுட்டார்னு நெனைச்சுட்டேன். அதுவரைக்கும் அந்த ஒண்ணைத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார். குரலில் கோபம் சிறிதும் இல்லை. பகவானிடத்தில் செய்யும் அபசாரத்தினும் பாகவதர்களிடத்தில் செய்யும் அபசாரம் கொடிதென்று எத்தனையோ மேடைகளில் பேசியவன் அடியேன்.

அதற்குப் பிறகுதான் திருப்பாவையை மீண்டும் முதலிலிருந்து கற்கலானேன். முப்பது பாசுரங்களுள் 6 முதல் 15 வரையிலான பத்தும் உறங்குபவர்களை எழுப்பும் பாசுரங்கள் அன்றோ? நோன்புக்குக் கிளம்பிய ஆய்ச்சியர், எழாதவளை விட்டுவிட்டு நேரே நந்தகோபன் திருமாளிகைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நிற்கிறார்கள். புள் கூவுவதைச் சொல்லுகிறார்கள், சங்கொலியைச் சொல்லுகிறார்கள், பரிஹாஸம் செய்கிறார்கள், கொஞ்சுகிறார்கள். ஓரிடத்தில் உள்ளே கிடப்பவளுக்கு என்ன நேர்ந்ததென்று அவளுடைய தாயையே விசாரிக்கிறார்கள். பதினைந்தாம் பாசுரத்திலோ உள்ளிருப்பவள் எதிர்மொழி பேசுகிறாள்; பேச்சு வளர்ந்து, முடிவில் குற்றம் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று ஏற்றுக்கொள்ளுகிறாள். ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணம் முழுவதும் இப்பாசுரத்தில் அடங்கியிருப்பதாகப் பூர்வாசார்யர்கள் கொண்டாடுவர். நெடுங்காலம் இதை உறங்குகிறவளுக்குச் சொன்ன பாடமாகவே படித்துவந்தேன். வாசலில் நின்று குற்றம் சொல்லிவிட்டுப் போனவனுக்கும் அது பாடம் என்பது பின்னர்தான் விளங்கிற்று.

இதனால் மார்கழி நோன்பே இந்நோய்க்கு மருந்து என்று சொல்லுவது வீண் பெருமை. விடியலில் எழுவது, நாலு பேரோடு கூடிப் பாடுவது, திருப்பள்ளியெழுச்சி முடிந்து வெண்பொங்கல் பிரஸாதம் பெற்று இளவெயிலில் நடந்து வருவது ஆகியவை சோர்ந்த மனத்துக்கு நல்லவை. மேகம் மூடிய வானத்தின் கீழும், விளக்கெரியும் அறையைவிட வெளியில் ஒளி பல மடங்கு மிகுதி. ஆகவே கோயிலிலிருந்து திரும்பியதும் மறுபடி கம்பளிக்குள் புகாதீர்கள். வாசற்படியிலாவது சற்று அமருங்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக உணவும் உறக்கமும் கெட்டு, எதிலும் பற்றின்றி ஒருவர் கிடந்தால், நாம ஜபத்தோடு மருத்துவரும் வேண்டும். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மலையிலிருந்து இறங்க இயலாதவர்கள், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

வேறொன்றும் சொல்லியாக வேண்டும்; விழா மலரில் எழுதத் தகுமோ என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். தோட்டத்து வீடுகளில் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்தில் கிடக்கிறது. மனமுடைந்தவர் இருக்கும் வீட்டில் அதைப் பூட்டி வையுங்கள். சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். இனி இருந்து என்ன பயன் என்று அவர் பேசினால் வெறும் பேச்சென்று விடாதீர்கள், தனியே விடாதீர்கள், உயிர் போய்விடலாமென்று எண்ணமா என்று கேட்டேவிடுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை.

சென்ற மார்கழியில் அடியேன் மீண்டும் அதே தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். அந்த அம்மையார் இப்போது பஜனை கோஷ்டிக்குத் தலைவி. லயத்தின் கோடியில் ஒரு கதவு பல நாளாகச் சாத்திக் கிடப்பதாகச் சொல்லி, எங்கள் எல்லோரையும் அங்கே நிறுத்தினார். ஜால்ராவை மெல்லத் தட்டச் சொன்னார். தாம் மட்டும் கதவருகே சென்று, “ஏ தங்கச்சி, எந்திரிக்க முடியலைன்னா படுத்தே இரு. நாங்க இங்கதான் நிக்கிறோம்” என்றார். பனியில் நின்று இரண்டு பாசுரம் பாடினோம். கதவு திறக்கவில்லை. மூன்றாம் பாசுரத்தின் நடுவில், உள்ளே விளக்குப் போடும் ஓசை கேட்டது.

அடியேன், ராமாநுஜ தாஸன்.